அபாயச் சொல்

இடைக்கால இல்லம் என்று பேர் வைத்தவன் லேசுப்பட்ட ஆள் இல்லை. இடைக்காலம் என்றால் எதற்கும் எதற்கும் இடையில் என்று அவன் எங்கேயும் எழுதி வைக்கவில்லை. இரண்டாம் மாடியில் ஒருத்தர் ஆறு வருஷமாக இடைக்காலமாக இருக்கிறார். சட்டதிட்டமெல்லாம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு என்பதால் வக்கீல் என்று கூப்பிடுவார்கள். "பொறந்ததுக்கும் போறதுக்கும் இடையில இருக்கறதுதான்யா இடைக்காலம்," என்பார் அவர். சொல்லிவிட்டு அக்கம்பக்கம் பார்த்துக்கொள்வார். 'போறது' என்கிற சொல் பட்டியலில் ஏறிவிட்டதா இல்லையா என்று அவருக்கே சந்தேகம்.

பட்டியலுக்கு அப்புறம் வருவோம். முதலில் பெயிண்டர்.

பெயிண்டருக்கு ஐம்பத்திரண்டு வயசு. முப்பது வருஷமாக ஊரார் வீட்டுச் சுவரைச் சுரண்டி, பட்டி பார்த்து, பிரைமர் அடித்து, அதற்கு மேல் இரண்டு கோட்டு பெயிண்ட் அடித்துக் கொடுத்தவர். அவரும் அவர் சம்சாரமும் குடியிருந்த வாடகைக் கட்டடம் விரிசல் விட்டுவிட்டது என்று ஒரு நாள் காலையில் இடிக்க வந்துவிட்டார்கள். பிள்ளை குட்டி கிடையாது, போய் நிற்க ஒரு வாசலும் கிடையாது. நாலு மாசம் பஸ் ஸ்டாண்டில் கிடந்தார்கள். பிறகு ஒரு வேன் வந்து ஏற்றிக்கொண்டு போய் இந்த இல்லத்தில் இறக்கியது. ஆண்கள் பகுதி இந்தப் பக்கம், பெண்கள் பகுதி அந்தப் பக்கம், நடுவில் கம்பிக் கதவு. பஸ் ஸ்டாண்டில் கூரை ஒழுகினாலும் ஒரே பாயில் உட்கார்ந்து ஓயாமல் சண்டை போட்ட ஜோடி அது. சம்சாரம் வாயைத் திறந்தால் கண்டக்டர்கள் விசிலை மறந்துவிட்டு நின்று கேட்பார்கள். இங்கே ஆளுக்கொரு கட்டில் கிடைத்தது. சாயங்காலம் அரை மணி நேரம் முற்றத்தில் பார்த்துப் பேசிக்கொள்ளலாம். அதற்குக் 'குடும்ப உறவு மேம்பாட்டு நேரம்' என்று பேர்.

வந்த மூன்றாம் நாளே அதிர்ஷ்டம் ஒரு கடிதமாக வந்தது. நிரந்தர வீடு ஒதுக்கியிருக்கிறார்கள். மூன்றாம் மாடி, ஒரு அறை, ஒரு சமையலறை, உள்ளேயே குழாய். தொண்ணூறு நாளுக்குள் சாவி வாங்கிக்கொள்ள வேண்டும், தவறினால் வரிசையில் அடுத்த ஆளுக்குப் போய்விடும். கடிதத்தை நாலு பேரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லிக் கேட்டார் பெயிண்டர். நாலாவது ஆள் வக்கீல். அவர்தான் கீழே பொடி எழுத்தில் இருந்ததையும் படித்தார்.

"கணவன் மனைவி இருவரும் தொடர்ச்சியாக இருபத்தொரு அமைதி நாட்களை நிறைவு செய்து, உடனுறை மனநல ஆதரவுப் பிரிவின் சான்றைப் பெற்றிருக்க வேண்டும்."

"அமைதி நாளுன்னா?"

"போய்ப் பாரு, தெரியும்," என்றார் வக்கீல். அவர் முகத்தில் ஒரு சிரிப்பு ஓடியது. ஆறு வருஷத்துச் சிரிப்பு அது.

உடனுறை மனநல ஆதரவுப் பிரிவு என்பது தரைத்தளத்தில் கழிவறையை ஒட்டின ஒரு அறை. சுவரெல்லாம் இளநீலம். மனசுக்கு அமைதி தரும் நிறம் என்று நிபுணர்களைக் கேட்டு அடித்ததாம். பெயிண்டர் உள்ளே நுழைந்ததுமே மூலையில் பார்த்தார். பழைய பூச்சைச் சுரண்டாமல், உள்ளே ஊறின ஓதம் காயாமல், அப்படியே மேலே அடித்திருந்தான் எவனோ புண்ணியவான். அமைதி அப்பளம் அப்பளமாக உரிந்து தொங்கியது.

மேஜைக்குப் பின்னால் ஆலோசகர் உட்கார்ந்திருந்தாள். இருபத்தாறு இருபத்தேழு வயசுப் பெண். நானூறு பேருக்கு அவள் ஒருத்திதான். கண்ணுக்குக் கீழே கருவளையம், கைக்குக் கீழே படிவம்.

"சொல்லுங்க ஐயா, என்ன பிரச்சினை?"

"வீடு இல்லைங்கம்மா."

எழுதிக்கொண்டாள். "வீடு இல்லைங்கற எண்ணம் எப்பலேருந்து வருது?"

"எண்ணம் இல்லைங்கம்மா. வீடுதான் இல்லை."

"சரி. அந்த எண்ணம் வரும்போது உடம்புல எங்க அதை உணர்றீங்க?"

பெயிண்டர் யோசித்தார். நாலு மாசம் சிமெண்டுத் தரையில் படுத்த மனுஷன். "இடுப்புலங்க," என்றார்.

"நல்லா தூங்குறீங்களா?"

இங்கேதான் மாட்டினார். 'தூங்கறேன்' என்று ஒரு வார்த்தையில் முடித்திருக்கலாம். நாக்கில் சனி உட்கார்ந்திருந்தால் யார் என்ன செய்ய முடியும்? "படுத்தா செத்த பொணந்தாம்மா. பக்கத்துல இடி விழுந்தாக்கூடத் தெரியாது!"

பேனா நின்றது. அவள் டிராயரைத் திறந்து ஒரு மஞ்சள் புத்தகத்தை எடுத்து, விரல் வைத்துத் தேடி, படிவத்தில் இரண்டு சிவப்புக் குறி போட்டாள். "சாரிங்க ஐயா," என்றாள். உண்மையிலேயே வருத்தப்பட்டாள், அதையும் சொல்ல வேண்டும். "'செத்த' ஒண்ணு, 'பொணம்' ஒண்ணு. ரெண்டும் அபாயச் சொல்."

அதுதான் பட்டியல். அபாயச் சொல் பட்டியல். எங்கேயோ குளுகுளு அறையில் மூன்று நாள் உட்கார்ந்து ஒரு குழு தயாரித்தது. மனசு உடைந்த மனுஷன் என்ன சொல் பேசுவான் என்று ஆராய்ந்து, நாற்பத்து மூன்று சொல்லை எடுத்து வைத்தார்கள். அதில் ஒன்றை வாயால் சொன்னால் ஆள் அபாயத்தில் இருக்கிறான் என்று அர்த்தம். அன்றோடு அவன் அமைதி நாள் பூஜ்யம், மறுநாள் ஒன்றிலிருந்து எண்ண வேண்டும். அந்தக் குழுவில் ஒருத்தருக்காவது வாசல்படியில் கால் கட்டைவிரல் இடித்திருந்தால் பட்டியல் வேறு மாதிரி வந்திருக்கும்.

நம் பாஷையில் சாகாமல் என்னய்யா பேச முடியும்? பசித்தால் உயிர் போகிறது. சிரித்தால் செத்துப்போகிறோம். பிடித்தவருக்காக உயிரை விடுகிறோம், பிடிக்காதவரைக் கொன்றுபோடுகிறோம். குழந்தை பிராணனை வாங்குகிறது, வெயில் ஆளைக் கொல்லுகிறது, மானம் போனால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிறோம். ஒரு நாளைக்கு நாற்பது தடவை செத்து, நாற்பத்தோராவது தடவை எழுந்து டீ குடிக்கப் போகிற ஜனம் நாம். இதில் நிஜமாகச் சாகப்போகிறவன் எவன் என்று கண்டுபிடிக்கப் பக்கத்தில் இருக்கிறவனுக்கு முகம் தெரிந்திருக்க வேண்டும். குழுவுக்கு முகம் பார்க்க நேரமில்லை.

பட்டியலைக் காப்பாற்ற ஒவ்வொரு கூடத்திலும் பச்சை பேட்ஜ் குத்திய ஒரு 'கவனிப்பாளர்' இருந்தார். கையில் அட்டை, காதில் பேனா. வாரத்துக்கு இத்தனை சொல் பிடிக்க வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. ஒன்றும் பிடிக்காத வாரத்தில் பச்சை பேட்ஜுக்காரர் கட்டில் கட்டிலாக உட்கார்ந்து, "என்னண்ணே, சாப்பாடு எப்படி இருந்தது?" என்று அன்பாக விசாரிப்பார். அந்தச் சாப்பாட்டைப் பற்றிப் பட்டியலைத் தொடாமல் யாராலும் பேச முடியாது.

பெயிண்டர் முதல் மாசத்தில் எட்டுத் தடவை செத்தார். கட்டிலுக்கு நேர் மேலே ஒரு ட்யூப்லைட், அணைக்கவே மாட்டார்கள். இடிக்கு எழுந்திருக்காதவர் இதற்கு எழுந்து உட்கார்ந்தார். "இந்த லைட்டு உசுர வாங்குதுங்க," என்றார். போச்சு, பூஜ்யம். தூக்கமின்மை என்று எழுதி, மூச்சுப் பயிற்சிக்கு அனுப்பினார்கள்.

"கண்ணை மூடி, அமைதியான ஒரு இருட்டைக் கற்பனை பண்ணுங்க," என்றாள் ஆலோசகர்.

"கற்பனை எதுக்கும்மா? சுவிட்சை அணைச்சா நிஜ இருட்டே வருமே."

அவள் குரலைத் தாழ்த்தினாள். "சுவிட்சு மேலாளர் ரூம்ல இருக்குங்க ஐயா. அது மின்சாரப் பிரிவு. எங்க பிரிவுக்கு இருட்டு மட்டுந்தான்."

சம்சாரத்துக்கும் முதல் வாரத்தில் ஒரு பூஜ்யம் விழுந்தது. முற்றத்தில் புருஷனைப் பார்த்ததும், "ஏன்யா, தலையை சீவிக்கறதுக்குக்கூட ஆள் வேணுமா? உன்னைக் கட்டிக்கிட்டு மாரடிச்சே நான் பாதி செத்துட்டேன்!" என்று ஆரம்பித்தாள். பின்னாலிருந்து பேனா கீறுகிற சத்தம் கேட்டது. அவள் திரும்பிப் பார்த்தாள். விஷயத்தைச் சொன்னார்கள். வீடு போய்விடும் என்று தெரிந்ததும் வாயை மூடினாள். அவள் வைராக்கியக்காரி, மூடினால் மூடினதுதான்.

பெயிண்டருக்கு அந்த வைராக்கியம் இல்லை. அதனால் அவரை மாற்றுச் சொல் வகுப்பில் போட்டார்கள்.

வகுப்புக்கு வந்த பயிற்சியாளர் இஸ்திரி கலையாத சட்டைக்காரர். கரும்பலகையில் எழுதிப் போட்டுக் கூட்டமாகச் சொல்ல வைப்பார். "பசியில உசுரு போகுது" என்பது தவறு. "எனக்குள் உணவு சார்ந்த ஓர் உணர்வு எழுகிறது" என்பது சரி. "என் வயிறு எரியுது" தவறு. "பிறர் நலன் குறித்து எனக்குள் ஒரு வெப்பம் எழுகிறது" சரி. முப்பது ஆம்பிளைகள் பெஞ்சில் உட்கார்ந்து, எழுகிறது எழுகிறது என்று ராகம் போட்டுப் படித்தார்கள். முன்னாள் லாரி டிரைவர் ஒருத்தருக்கு 'ஓர் உணர்வு' வரவே இல்லை, 'ஒரு உணர்வு' என்றே சொன்னார். அவருக்கு இலக்கணத்துக்காகத் தனிப் பயிற்சி கொடுத்தார்கள்.

"பேச்சு மாறினா மனசு மாறும்," என்றார் பயிற்சியாளர். "மனசு மாறினா வாழ்க்கை மாறும்."

"சுவத்துக்குள்ள ஓதம் இருந்தா, மேல எந்தக் கலர் அடிச்சாலும் நிக்காதுங்க," என்றார் பெயிண்டர். அவர் ஆலோசனை அறைச் சுவரைத்தான் சொன்னார்.

பயிற்சியாளர் நெகிழ்ந்துவிட்டார். "ஆகா! எவ்வளவு பெரிய உண்மை!" மறுவாரமே அந்த வாக்கியத்தைப் பெரிதாக அச்சடித்து, பூப்படம் போட்டு, அந்த ஓதச் சுவரிலேயே ஒட்டினார்கள். மூன்றாம் நாள் அது பெயர்ந்து விழுந்தது.

ஆனால் பயிற்சி வீண்போகவில்லை. ஒரு நாள் பெயிண்டரின் சுட்டுவிரல் இரும்புக் கதவில் மாட்டி நசுங்கியது. கூடமே திரும்பிப் பார்த்தது. பச்சை பேட்ஜுக்காரர் பேனாவைக் காதிலிருந்து எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். பெயிண்டரின் கண்ணில் தண்ணீர் முட்டியது, கழுத்து நரம்பு புடைத்தது, சொல் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. விழுங்கினார். "எனக்குள்... விரல் சார்ந்த... ஓர் உணர்வு... எழுகிறது," என்றார். கூடத்தில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். விரலுக்கு மருந்து போட யாரும் வரவில்லை, வாய்க்குப் பாராட்டுச் சீட்டு வந்தது. அன்றிலிருந்து அவருடைய கணக்கு ஏறத் தொடங்கியது.

அந்தச் சமயத்தில்தான் இயக்குநர் வந்தார். இதுபோல் பதினெட்டு இல்லங்களுக்கு அவர்தான் தலைவர். முற்றத்தில் நாற்காலி போட்டு, வெயிலில் நானூறு பேரையும் உட்கார வைத்து, ஒன்றேகால் மணி நேரம் பேசினார்.

"நண்பர்களே, வீடு கொடுப்பது சுலபம். செங்கல், சிமெண்டு இருந்தால் எவன் வேண்டுமானாலும் கொடுப்பான். அதனால்தான் நாங்கள் அதைச் செய்வதில்லை. வீட்டுக்குத் தகுதியான மனதை நாங்கள் கொடுக்கிறோம்! சென்ற ஆண்டு ஒன்பதாயிரம் மணி நேரம் ஆலோசனை. வீடு பெற்றவர்கள் பதினொரு பேர். பதினொன்று என்பது சின்ன எண் என்று சிலர் சொல்கிறார்கள். நான் கேட்கிறேன், எல்லாரும் போய்விட்டால் ஆதரவை யாருக்கு அளிப்பது?" கைதட்டச் சொன்ன இடத்தில் கை தட்டினார்கள். அவருக்கு உற்சாகம் தாங்கவில்லை. மார்பில் கை வைத்தார். "உங்களுக்காக நான் உயிரையும் கொடுப்பேன்! செத்தாலும் இந்த இல்லத்தின் வாசலில்தான் சாவேன்!"

நானூறு பேரும் மூன்று சொல்லை எண்ணிவிட்டார்கள். பச்சை பேட்ஜுக்காரர் பழக்க தோஷத்தில் பேனாவை எடுத்தேவிட்டார், பிறகு நடுங்கிப்போய் அதை வாயில் வைத்துக் கடித்தார். கடைசி வரிசையில் வக்கீல் எழுந்தார்.

"ஐயா, ஒரு சின்ன விளக்கம். உயிர், செத்தாலும், சாவேன். மூணு வந்திருக்கு. இதைப் பதிவு பண்றதா வேண்டாமா?"

இயக்குநருக்குப் புரியவில்லை. பக்கத்தில் இருந்த மேலாளர் பாய்ந்து மைக்கைப் பிடித்தார். "உக்காருங்க! மேலிடம் சொன்னா அது பேச்சுக்கு அணி. நீங்க சொன்னா அது அறிகுறி!"

வக்கீல் உட்கார்ந்தார். அவருடைய பதினெட்டு நாள் அன்றைக்கே பூஜ்யமானது. 'சபையில் எழுந்து நிற்றல்' என்று பட்டியலில் நாற்பத்து நாலாவதாக ஒன்றைச் சேர்த்தார்கள். அது சொல்லே இல்லையே என்று அவர் கேட்டதற்கு இன்னொரு பூஜ்யம்.

அன்று மேடையில் ஒரு பெண்ணுக்கு மாலை மாதிரி ஒரு நாடா போட்டு, முன்மாதிரிக் குடியிருப்பாளர் என்று போட்டோ எடுத்தார்கள். அறுபத்து மூன்று நாள் அமைதி. இல்லத்தின் சரித்திரத்திலேயே இல்லாத சாதனை. பெயிண்டரின் சம்சாரம்தான்.

பெயிண்டர் பெருமையோடு பார்த்தார். பார்த்துக்கொண்டே இருக்கும்போது பெருமை இறங்கிப்போனது. நாடா அவள் தோளில் நிற்காமல் வழுக்கிக்கொண்டே இருந்தது. ரவிக்கை, கொடியில் காயப்போட்டது போல் தொங்கியது. போட்டோக்காரர் சிரிக்கச் சொன்னார், சிரித்தாள். போதும் என்றார், அப்போதும் சிரித்தபடியே நின்றாள்.

சாயங்காலம் முற்றத்தில் கேட்டார். "என்னடி, சாப்பிடறியா இல்லையா?"

"நல்லா இருக்கேன்."

"சாப்பிட்டியான்னு கேட்டேன்."

"நல்லா இருக்கேன்."

அவர் வேண்டுமென்றே சட்டையைத் தப்புப் பித்தான் போட்டுக்கொண்டு வந்து நின்றார். அவள் ஒன்றும் சொல்லவில்லை. அவள் தங்கச்சி வீட்டுக்காரனைப் பற்றி ஒரு பொல்லாத பேச்சை எடுத்தார். இருபது வருஷமாக அந்தப் பேச்சுக்கு அவள் சும்மா இருந்ததே இல்லை. இன்றைக்கு இருந்தாள். கை இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு, எதிர்ச் சுவரில் ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். அரை மணி முடிந்து மணி அடித்ததும் சொன்னபடி கேட்கிற பிள்ளை மாதிரி எழுந்து போனாள்.

மறுநாள் காலை முதல் ஆளாக ஆலோசனை அறை வாசலில் நின்றார்.

"அம்மா, என் சம்சாரம் சரியில்லை. அவ பழைய ஆளே இல்லை. நீங்க என்னை விட்டுடுங்க, அவளைப் பாருங்க."

ஆலோசகர் கோப்பை எடுத்துப் புரட்டினாள். "முதல் வாரத்துக்கப்புறம் ஒரு சிவப்புக் குறிகூட இல்லைங்களே ஐயா. தினமும் 'நல்லா இருக்கேன்'னுதான் சொல்லியிருக்காங்க."

"அதாம்மா நோவு! அவ முப்பது வருஷத்துல ஒரு நாள்கூட நல்லா இருக்கேன்னு சொன்னதில்லை!"

அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். அதுவரை அவள் படிவத்திலிருந்து நிமிர்ந்து யாரையும் அவ்வளவு நேரம் பார்த்ததில்லை. எழுந்து, படிவத்தில் இதற்கு ஒரு கட்டம் இருக்கிறதா என்று முன்னும் பின்னும் தேடினாள். பேசினதற்குத்தான் கட்டம், பேசாததற்குக் கட்டம் இல்லை. வேகமாக மேலாளர் அறைக்குப் போனாள். கதவு சாத்தியிருந்தாலும் மேலாளர் குரல் வெளியே கேட்டது.

"உனக்கென்ன கிறுக்கா? நேத்துத்தான் அந்தம்மாவுக்கு முன்மாதிரின்னு போட்டோ எடுத்தோம். இப்ப நோயாளின்னு எழுதினா நம்ம வெற்றி விகிதம் என்னாகும்? ஆசுபத்திரிக்கு அனுப்பணும்னா புதுசா ஒரு சிவப்புக் குறியாவது வேணும். போய், அந்தம்மாவை ஒரு அபாயச் சொல்லு சொல்லச் சொல்லு. உடனே கவனிக்கறேன்."

வெளியே வந்தவள் பெயிண்டரின் முகத்தைப் பார்க்காமல் நின்றாள். "இன்னும் பதிமூணு நாள் ஐயா. உங்களுக்கும் இருபத்தொண்ணு முடிஞ்சிடும். சாவி கைக்கு வந்ததும் எங்க வேணா கூட்டிட்டுப் போய்க் காட்டலாம். பொறுத்துக்குங்க." அதற்கு மேல் அவளிடமும் ஒன்றும் இல்லை.

இப்படி மாட்டிக்கொண்டார் மனுஷன். அவளுக்கு உதவி வேண்டுமென்றால் அவள் வாயைத் திறக்க வேண்டும். திறந்தால் வீடு போய்விடும். வீடு வேண்டுமென்றால் வாயை மூட வேண்டும். மூடினால் அவளே போய்விடுவாள் போலிருந்தது. பதிமூன்று நாளைக் கையைப் பிசைந்தே கழித்தார். சாயங்காலம் கம்பிக் கதவு திறந்ததும் போய் அவள் பக்கத்தில் உட்காருவார், தன் பங்கு ரொட்டியைப் பிட்டு அவள் கையில் வைப்பார். அவள் அதை அப்படியே வைத்துக்கொண்டிருப்பாள்.

எண்பத்து மூன்றாம் நாள் கூப்பிட்டுவிட்டார்கள். மேலாளர் அறை. மேஜை மேல் சாவி, உண்மையான சாவி, நூலில் கட்டி, கதவு எண் எழுதின அட்டையோடு. ஒரு பக்கம் ஆலோசகர், இன்னொரு பக்கம் பச்சை பேட்ஜுக்காரர்.

"எப்படி இருக்கீங்க?" என்றார் மேலாளர். கடைசிக் கேள்வி, படிவத்தில் உள்ளது.

"எனக்குள் மகிழ்ச்சி சார்ந்த ஓர் உணர்வு எழுகிறது," என்றார் பெயிண்டர்.

"நல்லா இருக்கேன்," என்றாள் சம்சாரம்.

"பிரமாதம். அம்மாவுக்கு எழுபத்தாறு நாள் அமைதி! கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி ஒரே ஒரு நிபந்தனையை வாசிச்சுடறேன். வீட்டுக்குப் போன பிறகு ஆறு மாசம் பின்தொடர் அமைதிக் காலம். கவனிப்பாளர் வாரம் நாலு நாள் வீட்டுக்கு வந்து உக்காந்து கேப்பார். அக்கம்பக்கத்துக்காரங்களும் தகவல் கொடுக்கலாம். ஒரு அபாயச் சொல் வந்தாலும் வீடு ரத்து."

பேனாவைப் பிடித்திருந்த சம்சாரம் நிமிர்ந்தாள். "அங்கயுமா?"

எழுபத்தாறு நாளில் அவள் பேசின முதல் வேறு வார்த்தை அது.

"ஆறே மாசந்தாம்மா."

அவள் மோவாய் நடுங்கியது. பெயிண்டருக்கு அந்த நடுக்கம் தெரியும். பின்னாலேயே என்ன வரும் என்றும் தெரியும். அவருக்கு நேரம் இருந்தது, இல்லை என்று சொல்ல முடியாது. அவள் கையைப் பிடித்துக் கையெழுத்தை இழுத்துவிட்டு, சாவியை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிடலாம். மூன்றாம் மாடி, உள்ளேயே குழாய். அவர் கை அவள் வாயைப் பொத்த மேலே எழுந்தே விட்டது. பக்கத்தில் பார்த்தார். அவள் உதடு வெடித்து, பொருக்குத் தட்டியிருந்தது. கை அந்தரத்திலேயே நின்றது.

"பேசுடி," என்றார். "என்ன வருதோ, பேசு."

"என்னய்யா பேசறது?" என்றாள் அவள். குரல் முதலில் கரகரத்தது, பிறகு உடைந்துகொண்டு வந்தது. "யாருய்யா பேச விட்டீங்க? எனக்குச் சோறு இறங்கி எத்தனை நாளாச்சுன்னு ஒரு நாய் கேட்டுதா? நல்லா இருக்கியாங்கறானுங்க, நல்லா இருக்கேன்னா எழுதிக்கிட்டுப் போறானுங்க. நான் செத்து ஒரு மாசமாச்சுய்யா! பொணந்தான் போட்டோவுக்கு நின்னுச்சு. மொட்டைமாடிக் கதவு திறந்திருக்கான்னு தினமும் போய்ப் பாத்துட்டு வரேன். எதுக்குப் பாக்கறேன்னு நினைச்சா எனக்கே ஈரக்கொலை நடுங்குது. அதை யார்கிட்டச் சொல்றது? உன்கிட்டச் சொன்னா வீடு போயிடும், இவங்ககிட்டச் சொன்னா வீடு போயிடும். வாய்க்குள்ளயே வெச்சு வெச்சு..."

பச்சை பேட்ஜுக்காரர் எழுதினார், எழுதினார், ஒரு பக்கத்தில் கட்டம் தீர்ந்துபோய்த் தாளைத் திருப்பினார். மேலாளர் சாவியை எடுத்து டிராயரில் போட்டுப் பூட்டினார். "இவங்களைக் கூட்டிட்டுப் போங்க. நேரமாச்சு."

"இல்லைங்க," என்றார் பெயிண்டர். நாற்காலியை இழுத்துப் போட்டுச் சம்சாரத்தை உட்கார வைத்தார். "எழுபத்தாறு நாள் பேச்சுங்க. ஒரு நாளுக்கானதுகூட இன்னும் முடியலை."

ஆலோசகர் கோப்பை மூடினாள். பேனாவை மேஜையில் வைத்தாள். வந்து சம்சாரத்தின் காலடியில் தரையிலேயே உட்கார்ந்து, "சொல்லுங்கம்மா," என்றாள். "மாடிக்குப் போறப்ப மனசுல என்ன ஓடும்? அவசரமே இல்லை. இன்னிக்கே நாம ரெண்டு பேரும் டாக்டரைப் பாக்கப் போறோம், நானே கூட வரேன்."

உடனுறை மனநல ஆதரவு என்பது அந்த இல்லத்தில் அன்றைக்கு ஒரு அரை மணி நேரம் நடந்தது. அதற்குப் படிவம் இல்லாததால் பதிவில் ஏறவில்லை.

பேசி ஓய்ந்து, மூக்கைச் சிந்திவிட்டு, சம்சாரம் மேஜையைப் பார்த்தாள். சாவி இருந்த இடம் காலியாக இருந்தது.

"வீடு போச்சாய்யா?"

"போச்சு."

"அடப் பாவி மனுசா! எதுக்குய்யா என்னைப் பேசச் சொன்னே?" என்று அவர் தோளில் ஓங்கி ஒன்று வைத்தாள். நல்ல பலமான அடி. பெயிண்டருக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டியது, சிரிப்பும் வந்தது.

"அந்தத் தோள்ல ஒண்ணு வை," என்றார்.

அவள் வைத்தாள்.